பம்பாயிலிருந்து நல்ல சேதி

நாவிதர் தண்ணீரைத் தொட்டு வெங்கடப்பனின் தலையில் தடவினார். கை அப்படியே நின்றது. மழிப்பதற்கு அங்கே என்ன இருக்கிறது? திருப்பதியில் கொடுத்துவிட்டு வந்த தலையில் முடி இன்னும் அரிசி நீளம்கூட வளரவில்லை.

"பேருக்கு ஒரு இழுப்பு இழுத்துடறேன்" என்றார். பிள்ளை இல்லாத வீடு. கொள்ளி வைக்க வேண்டியது கணவன்தான்.

உள்ளே கிடத்தியிருந்த அவன் மனைவி ஜோதியம்மாளுக்கும் மொட்டைத் தலைதான். குளிப்பாட்டிய பெண்கள் பூ வைக்க இடமில்லாமல் தவித்து, மல்லிகையைக் கழுத்தில் போட்டிருந்தார்கள்.

சாயங்காலமானால் அவளுக்கு இமை சரியும், சோற்றை மெல்லத் தாடை வராது. அவள் உடம்பே அவள் தசைக்கு எதிராக ஆன்டிபாடி என்கிற எதிர்ப்பொருளை உண்டாக்குகிறதா என்று பார்க்க, பெங்களூர் டாக்டர் ரத்தம் எடுத்து பம்பாய்க்கு அனுப்பினார். இல்லை என்று வந்தது. புருஷனும் பெண்டாட்டியும் மறுநாளே திருப்பதி பஸ் ஏறினார்கள். அவ்வளவு சந்தோஷம். திரும்பி வந்ததும் அவள் டாக்டர் கொடுத்திருந்த மாத்திரையை நிறுத்தினாள். நேற்று மூச்சுக்குத் திணறியவளைப் பெங்களூருக்கு ஏற்றிப் போன கார், அத்திப்பள்ளி செக்போஸ்ட் லாரிகளுக்குப் பின்னால் நிற்கும்போதே எல்லாம் முடிந்துவிட்டது.

வாசலில் ஒரு வேன் உறுமிக்கொண்டிருந்தது. ஜோதியம்மாளின் தம்பி திம்மப்பன், தன்னோடு பேக்டரியில் வேலை செய்கிறவர்களை அதில் ஏற்றியிருந்தான்.

"அக்காவையும் ஏத்தறோம் மாமா. ஆஸ்பத்திரி வாசல்ல போட்டு நியாயம் கேக்கறோம். ரத்தத்துல ஒண்ணுமில்லன்னு சொல்லிச் சொல்லியே கொன்னுட்டான் அந்த டாக்டரு."

வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், பழி பெங்களூர் போய்ச் சேர்ந்துவிடும். வெங்கடப்பனுக்கு அந்த ஆசை இல்லாமலில்லை.

"அவரு சொன்னாரு" என்றான்.

"என்ன சொன்னாரு?"

"டெஸ்ட்ல தெரியாட்டியும் கொஞ்ச பேருக்கு இந்த நோய் இருக்கும், மாத்திரைய மட்டும் விடவே கூடாதுன்னாரு. உங்கக்கா வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தா. ஒண்ணுமில்லையாம்னு மட்டும் வந்து சொன்னேன். சிரிச்சா திம்மப்பா. அவ சிரிச்சு எத்தன நாளாச்சு! மிச்சத்தச் சொல்ல மனசு வரல."

திம்மப்பன் கையை ஓங்கினான். நாவிதர் கத்தியை எடுத்துக்கொண்டு விலகினார். அடி விழவில்லை. ஓங்கிய கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு திம்மப்பன் வெளியே போனான்.

"ஆஃப் பண்ணுப்பா" என்றான் டிரைவரிடம்.

நீலச் சட்டை போட்ட பேக்டரி ஆட்கள் வேனிலிருந்து ஒவ்வொருவராக இறங்கினார்கள். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, பாடைக்கு மூங்கில் பிளக்க ஆரம்பித்தார்கள்.