குடிக்காமல் வைத்த கோப்பை

காமிரா ஓடிக்கொண்டிருந்தது. இன்ஸாஃப் காபிக் கோப்பையை வாயில் வைக்காமல் மேஜை மேல் வைத்துவிட்டாள்.

வெஹ்தாத் அகதி முகாமில் அதன் அர்த்தம் தெரியாதவர் கிடையாது. விருந்தாளி ஏதோ கேட்டு வந்திருக்கிறாள், கிடைக்கும்வரை குடிக்கமாட்டாள். வீட்டுக்காரிக்கு அதைவிடத் தலைகுனிவு இல்லை.

வீட்டுக்காரி விதாத். ஒரு காலத்தில் பஸ் கடத்தியவள். முகாமில் பலருக்கு வீராங்கனை. செத்த பயணிகளின் வீட்டாருக்குக் கொலைகாரி. அவளைப் பற்றி டாக்குமெண்டரி எடுக்க லண்டனிலிருந்து வந்த ரூலாதான் இன்ஸாஃபையும் வரவழைத்திருந்தாள். விதாத்தின் படையில் இருந்து காணாமல் போன லுத்ஃபியின் தங்கையாயிற்றே, நாலு நல்ல வார்த்தை சொல்வாள் என்று நினைப்பு.

இன்ஸாஃப் வந்தது அதற்கல்ல. வீட்டில் அம்மாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. மகன் இருக்கிறானா, இல்லையா? அது தெரியாமல் அந்த உயிர் போகமாட்டேன் என்கிறது.

"ஆறிப்போவுது, குடி. ரெண்டு கரண்டி சர்க்கரை போட்டிருக்கேன்" என்றாள் விதாத். "காபியில விஷம் வைக்கிறவள்னு மட்டும்தான் பேப்பர்காரன் இன்னும் என்னை எழுதல."

"எங்க அண்ணன் எங்க, அக்கா?"

எல்லை தாண்டினான், அப்புறம் தகவலே இல்லை என்று விதாத் பழைய பல்லவியைப் பாடினாள். இன்ஸாஃப் கோப்பையை விரலால் இன்னும் கொஞ்சம் தள்ளினாள்.

"அம்மா இன்னைக்கோ நாளைக்கோன்னு கெடக்கு. நான் என்னத்தச் சொல்லி அனுப்புறது?"

விதாத் காமிராவைப் பார்த்தாள். அப்புறம் இன்ஸாஃபைப் பார்த்தாள்.

"சரி. கேட்டது உனக்கு உண்டு."

கோப்பையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனவள், புதிதாக இரண்டு கோப்பைகளோடு திரும்பினாள். இன்ஸாஃப் ஒரு வாய் குடித்தாள். நாக்கு சுருண்டது. துளி சர்க்கரை இல்லை.

இந்தக் காபியை முகாமில் சாவு வீட்டில்தான் ஊற்றுவார்கள். லுத்ஃபிக்காக இன்றுவரை யாரும் ஊற்றியதில்லை.

"யார் கையால?" என்றாள் இன்ஸாஃப்.

விதாத் தன் கோப்பையை உதடுவரை கொண்டுபோனாள். குடிக்கவில்லை. அதை இன்ஸாஃபின் எதிரே வைத்தாள். சொந்த வீட்டிலேயே கேட்டு வந்தவளாகிவிட்டாள். செத்தவனின் தங்கையிடம் அவள் கேட்கக்கூடியது மன்னிப்பு ஒன்றுதான். அதைக் கேட்கக் கடமைப்பட்டது கொன்ற கை ஒன்றுதான்.

"ஏன் ரெண்டு பேரும் பேசாம இருக்கீங்க? டேப் வீணாகுது" என்றாள் ரூலா.

குடி என்று இன்ஸாஃப் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மன்னித்ததாகிவிடும். அவளோ தன் கோப்பையை மட்டும் அடிமண்டிவரை குடித்துவிட்டு எழுந்தாள்.

வீட்டுக்குப் போய் அடுப்பு மூட்டவேண்டும். அம்மாவின் நாக்கில் ஒரு சொட்டு, சர்க்கரை இல்லாமல்.