முதல் பழம்

ஆனிச் சாரல் விழுகிறதா மிதக்கிறதா என்று சொல்ல முடியாத ஒரு காலையில், தென்காசியில் தங்கபுஷ்பத்தின் வீட்டு வாசலில் ஆறு பேர் வந்து நின்றார்கள். ஆளுக்கொரு எலுமிச்சம்பழம் கையில். செருப்பைத் தெருமுனையிலேயே கழற்றிப் போட்டுவிட்டு வந்திருந்தார்கள், கூத்துதான். உள்ளே தோசை கருகிக்கொண்டிருந்தது. கையில் தோசைக்கரண்டியோடு அவள் அப்படியே நின்றாள்.

“ஆச்சி, இன்னைக்காவது எங்ககூட அருவிக்கு வரணும். அண்ணாச்சி வீட்டு ஆளு வராம நாங்க மட்டும் போய்க் கேக்குதது நல்லாவா இருக்கு?” என்றான் பெஞ்சமின். வீரகேரளம்புதூரில் செல்போன் கடை வைத்திருப்பவன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கும் போவான், இந்த அருவிக் கூட்டத்துக்கும் வருவான். இரண்டுக்கும் என்ன சண்டை என்று கேட்பான்.

அண்ணாச்சி என்றது அவள் புருஷன் பலவேசத்தை. புளியங்குடி எலுமிச்சை மண்டியில் முப்பது வருஷம் லாரிகளுக்குச் சரக்கு ஏற்றிவிட்ட மனிதர். மத்தியானம் மண்டி ஓய்ந்ததும் காலி மூட்டைகளின் மேல் உட்கார்ந்து கதை எழுதுவார். எல்லாம் நீரகம் என்ற கிரகத்துக் கதை. அங்கே மனிதர் பேசிய பேச்சு எதுவும் வீணாவதில்லை. ஆவியாகி, மேகமாகி, மலையில் முட்டி, அருவியாக இறங்கும். செத்தவர் குரல் வேண்டுமென்றால் அருவிக்கடியில் போய் நின்று கேட்டுக்கொள்ளலாம். சின்னப் பத்திரிகைகளில் நாற்பது கதைக்கு மேல் வந்தது. தங்கபுஷ்பம் ஒன்றையும் முழுசாகப் படித்ததில்லை. “ஒங்க நீரகத்துல எலுமிச்சங்கா என்ன வெலைக்குப் போகுதுன்னு கேட்டுச் சொல்லுங்க” என்று கேலி பேசுவாள். அவரும் கோபப்படாமல் சிரித்துக்கொள்வார்.

அவர் போய் ஒன்றரை வருஷம். போன பிறகு பெஞ்சமின் அந்தக் கதைகளையெல்லாம் தேடி எடுத்து இணையத்தில் போட்டான். படித்தவர்கள் முதலில் விளையாட்டாகத்தான் குற்றால அருவியில் போய் நின்றார்களாம். ஒருத்திக்கு அம்மா குரல் கேட்டது. இன்னொருவருக்கு மகன் குரல். அதற்கப்புறம் அருவியில் தண்ணீர் விழும்போதெல்லாம் வந்தார்கள். கதையில் விண்கப்பலில் ஏறுகிற ஒவ்வொருவர் கையிலும் கப்பல்காரன் ஒரு எலுமிச்சம்பழம் கொடுப்பான். ஆகவே இவர்களும் பழத்தை மோந்து பார்த்துவிட்டுத்தான் அருவிக்குள் நுழைவார்கள். கேட்டது என்ன என்று ஒருவரையொருவர் விசாரிக்கக் கூடாது. போன மாதம் அண்ணாச்சிக்கு ஒரு பீடம் போடலாமா என்று வந்து கேட்டார்கள். நம் பக்கத்தில் பீடம் போட்டால் அப்புறம் கொடை என்று திருவிழா வரும், கொடை வந்தால் ஆட்டுக்கிடா வெட்டு வரும். சுள்ளென்று கோபம் வந்தது அவளுக்கு. எறும்புக்குக்கூட ஒதுங்கி நடந்த மனுஷனுக்கு ஆட்டுக்கிடாயா?

கோபத்துக்கு அடியில் வேறொன்று கிடந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவர் குரல் அவளுக்கு மறந்துவிட்டது. முகம் போட்டோவில் இருக்கிறது, கையெழுத்து நோட்டில் இருக்கிறது. சொன்ன வார்த்தைகள்கூட நினைவிருக்கின்றன. குரல் மட்டும் எங்கே தேடியும் இல்லை. முப்பத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு இது எவ்வளவு பெரிய வெட்கம்! ஊரார் யார் யார் குரலையோ கேட்கிறார்கள், கட்டினவளுக்குக் கட்டினவன் குரல் இல்லை.

இன்றைக்கு அந்தப் பழத்தின் உண்மையைப் போட்டு உடைத்துவிடுவது என்றுதான் அவள் கிளம்பினாள்.

குற்றாலம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பக்கத்தில் சுகந்தி உட்கார்ந்தாள். ராயகிரியில் டீச்சர், தங்கச்சியைப் பறிகொடுத்தவள். மலை தெரியவில்லை, இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு புகை நின்றது. பஸ் ஒரு திருப்பம் திரும்பியதுமே தங்கபுஷ்பத்துக்கு வயிற்றைப் புரட்டியது. சுகந்தி தன் பழத்தை இரண்டு கையாலும் நீட்டினாள்.

“இதுல சாமியும் இல்ல, பூதமும் இல்ல, பாத்துக்கோ” என்றாள் தங்கபுஷ்பம் பழத்தை வாங்கிக்கொண்டே, பஸ்ஸில் எல்லாருக்கும் கேட்கும்படி. “எனக்கு பஸ்ல ஏறுனா வாந்தி வரும். கல்யாணமான புதுசுல இருந்தே வரும். அதுக்காவ அவுக மண்டியில இருந்து ஒரு பழம் சட்டப்பையில போட்டுட்டு வருவாக. ‘ஏட்டி, மோந்துக்கோ’ம்பாக. அம்புட்டுதான் விஷயம். அதப் போயி கதையில எழுதி வச்சிருக்காக!”

பெஞ்சமின் கையிலிருந்த பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆயிற்று, கலைந்துவிடுவார்கள் என்று நினைத்தாள். நினைத்தவுடன் ஏனோ பயமாக இருந்தது.

சுகந்திதான் வாயைத் திறந்தாள். “அப்ப மொதப் பழம் ஒங்களுக்குத்தானா ஆச்சி?”

இப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்றே தங்கபுஷ்பத்துக்குத் தோன்றியதில்லை. நாற்பது கதையிலும், கப்பலில் ஏறிய அத்தனை பேர் கையிலும், அவர் கொடுத்துக்கொண்டிருந்தது அவளுடைய பழத்தை. கேலி பேசியவள் படித்துப் பார்த்திருக்கலாம். கண் நிறைந்துவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டாள்.

மெயினருவியில் நல்ல தண்ணீர். பெண்கள் பக்கம் போலீஸ்காரம்மா விசிலடித்து வரிசையாக விட்டுக்கொண்டிருந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, தங்கபுஷ்பம் உள்ளே போனாள். இடியாக விழுந்தது தலையில். “தள்ளுட்டி அங்கன!” என்று யாரோ கத்தினார்கள். விசில் கேட்டது. அதற்குமேல் தண்ணீர், தண்ணீர், வெறும் தண்ணீர்ச் சத்தம். மனசுக்குள் பேரைச் சொன்னாள். இன்னொரு முறை சொன்னாள். ஒன்றும் வரவில்லை.

வெளியே வந்தபோது பல் தந்தியடித்தது. சுகந்தி ஈரத்தோடு பாறையோரம் நின்றிருந்தாள், முகத்தில் அப்படியொரு அமைதி. வழக்கப்படி அவள் ஒன்றும் கேட்கவில்லை. துண்டை மட்டும் நீட்டினாள். தங்கபுஷ்பம் அதை வாங்கவில்லை. திரும்பி நடந்து, வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.

முன்னால் நின்ற ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். “இப்பத்தான குளிச்சிட்டு வந்திய? மறுபடியுமா?”

“ஆமா தாயி” என்றாள் தங்கபுஷ்பம். “அவுக மெல்லமாத்தான் பேசுவாக.”

சொன்ன பிறகுதான், தான் சொன்னது அவள் காதில் விழுந்தது. ஆமாம், மெல்லமாகத்தான். பக்கத்து சீட்டுக்குக்கூடக் கேட்காது. சாரல் வரிசையின் மேல் இறங்கிக்கொண்டிருந்தது. பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு அவள் ஒரு அடி முன்னால் நகர்ந்தாள்.