அழுதது போதும், டிரைவரே

கணவன் குடித்துக்கொண்டிருந்த காலமே தேவலாம் என்று லூர்துராணிக்குத் தோன்ற ஆரம்பித்தது. அப்போதாவது ராத்திரியில் மட்டும்தான் சத்தம். திருந்திய பிறகு விடிந்ததிலிருந்தே சத்தம்.

தைரியராஜ் ஒரு தனியார் கம்பெனியில் பஸ் டிரைவர். பாலக்கரையில் வீடு. எண்பத்திரண்டில், ஈஸ்டருக்கு முந்தின தவசு காலத்தில், யாரோ கூப்பிட்டார்கள் என்று கோயிலில் நடந்த ஒரு தியானத்துக்குப் போனான். திரும்பி வந்தவன் குடியை விட்டான். அது சத்தியம். ஒரு சொட்டு தொடவில்லை. ஆனால் அழ ஆரம்பித்துவிட்டான்.

சிலுவைப் பாதை செபத்தில் அழுதான். வெற்றிலை வாங்கப் போன பக்கத்து வீட்டு பரக்கத் அலி பாயை நிறுத்திவைத்து அழுதான். "பாய், நான் பெரும் பாவி பாய்." அவர் பாவம், கையில் வெற்றிலையோடு வெயிலில் நின்றார். லூர்துராணி தையல் டீச்சராக இருந்த கன்னியர் பள்ளிக்கே ஒருநாள் வந்து, மதர் முன்னால் மண்டியிட்டுவிட்டான். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஜன்னலில் தொத்திக்கொண்டு பார்த்தன. அன்று வீட்டுக்கு வந்து அவள் சோற்றுப் பானையை நங்கென்று வைத்தாள்.

"உங்களுக்கு மன்னிப்பு வேணுமா, வேடிக்கை பாக்க ஆளு வேணுமா?"

"ராணி, உனக்கு என் மனசு தெரியாது."

"ஊருக்கே தெரியுது. எனக்குத் தெரியாம இருக்குமா?"

சனிக்கிழமை தவறாமல், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனான். செபஸ்தியான் சாமியாருக்கும் பொறுமை தீர்ந்தது. ஒரு சனிக்கிழமை வரிசையில் நின்ற எல்லாருக்கும் கேட்கும்படி உள்ளேயிருந்து அவர் குரல் உயர்ந்தது. "மன்னிச்சாச்சுப்பா! ஆண்டவரே விட்டுட்டார், நீ ஏன் விடமாட்டேங்கிற?"

வீட்டுக்கு நடக்கும்போது தைரியராஜ் முகம் செத்துப்போயிருந்தது. "மனசு லேசாகவே மாட்டேங்குது ராணி. ஏன்னு தெரியல."

அவளுக்குச் சுரீரென்று வந்தது. நடுத்தெருவில் நின்றுவிட்டாள்.

"தெரியலையா? மருதை பேர சாமிகிட்ட சொன்னீங்களா?"

அவன் செருப்பு வாரைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டான்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், முசிறியிலிருந்து வரும் வழியில், தைரியராஜ் பஸ்ஸைப் புளியமரத்தில் கொண்டுபோய் மோதினான். உயிர் போகவில்லை, பலருக்குக் கை கால் முறிந்தது. பிரேக் பிடிக்கவில்லை என்று போலீசிடம் சொன்னான். அந்த பிரேக்கை அன்று காலையில் பார்த்து அனுப்பியவன் ஷெட் மெக்கானிக் மருதை. அவனை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். வேலை போயிற்று. அதன் பிறகு எந்த ஷெட்டிலும் அவனைச் சேர்க்கவில்லை. மோதிய அன்று தைரியராஜ் போட்டிருந்த சட்டையை லூர்துராணிதான் துவைத்தாள். சாராய வாடை அவள் கையை விட்டுப் போக ரெண்டு நாள் ஆயிற்று. அவளும் வாயைத் திறக்கவில்லை. புருஷன் உள்ளே போய்விட்டால் குடும்பம் என்னாவது என்ற பயம். இப்போது அவன் அழ அழ, அவளுக்கு எரிச்சல் வந்ததில் பாதி தன்மேல்தான்.

"குடிச்சேன் குடிச்சேன்னு எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு. யாரைக் கெடுத்தீங்களோ அவன்கிட்ட மட்டும் சொல்லல. நாளைக்குப் பூசை முடிஞ்சதும் கிளம்புங்க. நானும் வரேன்."

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கம் டவுன் பஸ்ஸில் ஏறினார்கள். காவிரிப் பாலம் தாண்டும்போதே அவன் கண்ணைத் துடைக்க ஆரம்பித்தான். "இப்பவே ஆரம்பிச்சிடாதீங்க" என்று அவள் பல்லைக் கடித்தாள்.

ராஜகோபுரத்து வேலைக்குக் கட்டியிருந்த சாரத்தைத் தாண்டி, விசாரித்து விசாரித்துப் போனார்கள். கொள்ளிடத்துப் பக்கம் ஒரு கீற்றுக் கொட்டகையில் மருதை டீசல் இன்ஜினைக் கழற்றிக்கொண்டிருந்தான். தலை பாதி நரைத்திருந்தது. இவர்களைப் பார்த்ததும் ஸ்பானரைக் கீழே வைக்காமல் நிமிர்ந்தான்.

தைரியராஜ் தடாலென்று அவன் காலில் விழுந்து ஓவென்று அழுதான். "மருதை, பிரேக் நல்லாத்தான் இருந்துச்சு. நான் குடிச்சிருந்தேன். என்னை மன்னிச்சிடு தம்பி."

மருதை காலை இழுத்துக்கொண்டான். "எந்திரிங்க. இன்ஜினுக்கு ஆளு வந்து நிக்கிறாரு பாருங்க." வந்து நின்றவர் தர்மசங்கடத்தோடு வேறு பக்கம் பார்த்தார்.

"நீ மன்னிச்சேன்னு சொல்ற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன்."

"அழுதது போதும், டிரைவரே!" மருதை கத்தியே விட்டான். "பிரேக் நல்லாருந்துச்சுன்னு எனக்கு வந்து சொல்றீங்களா? எனக்குத் தெரியாதா? தெரியாதவங்ககிட்ட போய் சொல்லுங்க. ஆயுத பூஜைக்கு முதலாளியிலேர்ந்து கிளீனர் வரைக்கும் ஷெட்டுல இருப்பாங்க. தெம்பு இருந்தா அங்க சொல்லுங்க. இல்லன்னா இந்தப் பக்கமே வராதீங்க."

திரும்பும் வழி முழுக்க தைரியராஜ் அழவில்லை. லூர்துராணிக்கு அதுதான் பயமாக இருந்தது.

"வேலை போயிடும் ராணி" என்றான் இரண்டு நாள் கழித்து. "கேஸும் வரும்."

"வரும்."

"நீ போகச் சொல்றியா?"

"நான் எதுவும் சொல்லல. ஆனா இனிமே இந்த வீட்டுல நீங்க அழக்கூடாது."

ஆயுத பூஜையன்று பஸ்களுக்கெல்லாம் சந்தனம் வைத்து மாலை போட்டு, பொரி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தைரியராஜ் நடுவில் போய் நின்றான். அழவில்லை, குரல்கூட உயரவில்லை. குடித்திருந்ததையும், பொய் சொன்னதையும், மருதைமேல் தப்பே இல்லை என்பதையும் சொன்னான். நாலு வாக்கியம்தான். முதலாளி தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டு, "வெளியே போ" என்றார்.

வேலை போயிற்று. லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். ஸ்டேஷனுக்கும் வக்கீல் வீட்டுக்கும் அலைந்தான். லூர்துராணி பள்ளி விட்டு வந்து வெளித் தையலும் தைத்தாள். அவன் ஜாக்கெட்டுக்கு ஊக்கு தைத்துக் கொடுக்கிறேன் என்று உட்கார்ந்து ஊசியை ஒடித்தான். அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆனாலும் அவன் ராத்திரியில் குழந்தை மாதிரித் தூங்குவதைப் பார்த்தபோது எதுவும் சொல்ல வாய் வரவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வாசலில் மருதை வந்து நின்றான். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. காப்பியை நின்றபடியே குடித்தான்.

"கம்பெனியில திரும்பக் கூப்பிட்டாங்க. போகல" என்றான். டம்ளரைப் பார்த்துக்கொண்டே பேசினான். "ஆளுங்களைச் சாகடிக்கப் பாத்தவன்னு என் மாமனார் எங்க வீட்டு வாசப்படி மிதிக்காம இருந்தாரு. நீங்க ஷெட்டுல சொன்னது அவர் காதுக்குப் போயிருக்கு. நேத்து சாப்பிட வந்தாரு. என் சம்சாரம் பரிமாற முடியாம உள்ள போய் உக்காந்துட்டா."

தைரியராஜ் தலையை நிமிர்த்தவில்லை.

"எனக்கு வேலை ஏறிடுச்சு. ஆளு வேணும். திங்கக்கிழமை வாங்க."

"நானா? உனக்கு நான் செஞ்சதுக்கா?"

"அதெல்லாம் கேக்காதீங்க. எனக்கே புரியல. மன்னிச்சேன்னு சொல்லவும் எனக்கு வாய் வரல." மருதை டம்ளரை நீட்டினான். "ஆனா வாங்க. அங்க வந்து அழுதீங்க, அப்பவே அனுப்பிடுவேன்."

டம்ளரை வாங்கியது லூர்துராணி. அடுப்படிக்குப் போய் அதைக் கழுவ ஆரம்பித்தவளுக்குக் கண் மறைத்தது. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். இந்த வீட்டில் அழக்கூடாது என்று சொன்னவளே தான்தான் என்று நினைத்ததும், தன்மேலேயே எரிச்சல் வந்தது.

"என்னங்க!" என்று உள்ளிருந்தே சத்தம் போட்டாள். "அவரை அப்படியே அனுப்பிடாதீங்க. இலை போடுறேன், ரெண்டு பேரும் உக்காருங்க."