கொடியில் கிடந்த வெள்ளைத் துணி

என்னால் சும்மா இருக்க முடியாது. அதுதான் என் கோளாறு என்பார் என் வீட்டுக்காரர் சங்கையா.

ஜிஸ்மி பாலக்காட்டுப் பெண். கல்லூரியில் அந்துப்பூச்சி ஆராய்ச்சி. சித்திரபுரத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பக்கத்து வீட்டில் பன்னிரண்டு நாள் தங்கியிருந்தாள். அவள் தேடியது ஒரே ஒரு பூச்சியை. இறக்கையை மூடியிருந்தால் காய்ந்த இலை நிறம், விரித்தால் உள்ளே குங்குமச் சிவப்பு. நெல்லியாம்பதி வரைக்கும்தான் அது உண்டு, அதற்குத் தெற்கே யாரும் பார்த்ததில்லையாம். இங்கேயும் இருக்கிறது என்று ஒரு படம் எடுத்துக் காட்டிவிட்டால் அவள் படிப்பு முடிந்துவிடும். பின்பக்கத்துக் கொடியில் வெள்ளைத் துணி தொங்கவிட்டு விளக்குப் போட்டு வைப்பாள். என்னென்னவோ வந்தது, அது மட்டும் வரவில்லை.

இதற்கிடையில் நான் காய்ச்சலில் விழுந்தேன். நாலு நாள் கஞ்சி வைத்துக் கொடுத்தவள் அவள்தான்.

கடைசி நாள் விடியற்காலையில் தூறல் விழுந்தது. லயத்தில் மழையை முதலில் பார்க்கிறவர் எல்லார் வீட்டுத் துணியையும் எடுத்துவிட வேண்டும். யாருடையது என்று பார்க்கிற வழக்கமில்லை. ஓடிப்போய் வாரினேன். வெள்ளைத் துணியையும் நாலு உதறு உதறி மடித்தேன். பூச்சித் துணி என்று எனக்குத் தெரியாதா? தெரியும். தூறல் விழுந்தால் கைக்கு அதெல்லாம் தெரியாது.

ஜிஸ்மி கேமராவோடு ஓடிவந்தாள். பிறகுதான் தெரிந்தது, நான் உதறுவதற்கு முன் அந்தப் பூச்சி துணியில் வந்து உட்கார்ந்திருக்கிறது. பேட்டரி தீர்ந்துபோய், மாற்ற உள்ளே போயிருக்கிறாள். நான் துணியை அவள் கையில் கொடுத்து, ஒரு சொட்டு நனையவில்லை என்று பெருமை வேறு பேசினேன்.

அவள் திட்டவில்லை. துணியை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் வாசலில் உட்கார்ந்துவிட்டாள். அதற்குத் திட்டியே இருக்கலாம். மத்தியானம் அவளுக்கு ஜீப்.

மழை வலுத்தது. எனக்கு என் கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது. வாரிய துணிகளை அடுப்படியில் உலர்த்தப் பிரித்தேன். சங்கையாவின் குரங்குக் குல்லாயில் ஒரு காய்ந்த இலை ஒட்டியிருந்தது. எடுக்கப் போனேன். இலை விரிந்தது. உள்ளே சிவப்பு. வாசலில் இருந்த ஜிஸ்மியைக் கூப்பிட்டேன்.

"தாயி, சத்தம் போடாம இங்க வா."

படம் எடுத்து முடித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சேச்சி, இந்த மழையில வெளிய இருந்திருந்தா இது போயிருக்கும்." பிறகு நோட்டில் எழுதியதை வாசித்துக் காட்டினாள். கண்ட இடம்: சித்திரபுரம், வேலுத்தாய் சேச்சி வீட்டு அடுப்படி.

கஞ்சி ஊற்றியவளுக்கு நான் என்ன கைம்மாறு செய்யப் போகிறேன் என்று இருந்தேன். அந்தப் பூச்சி செய்துவிட்டது, நல்லா இருக்கட்டும். மழை விடும்வரை அது குல்லாயை விட்டு இறங்கவில்லை. சங்கையா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்.