தலையணை மேல் கால்

எலக்ட்ரானிக் நடன இசை வகுப்பின் முதல் நாள், இந்தப் படிப்பிலிருந்து என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று பேராசிரியை ஒவ்வொருவராகக் கேட்டார். உலகம் சுற்றும் டிஜே ஆக வேண்டும் என்றான் ஒருவன். சினிமாவுக்கு இசையமைக்க வேண்டும் என்றாள் ஒருத்தி. என் முறை வந்தது.

"என் பாட்டை ஒரே ஒரு தடவை சத்தமா கேக்கணும் மேடம்."

வகுப்பே சிரித்தது. சிரிக்கட்டும். அங்கிருந்த எவருக்கும் என்னளவு வேலை தெரியாது என்று நான் ஏற்கெனவே முடிவு கட்டியிருந்தேன். தலைக்கனம் என்பாள் அம்மா. இருந்துவிட்டுப் போகட்டும்.

விஷயம் இதுதான். அப்பாவுக்கு ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை. ஊருக்கு விடியும்போது எங்கள் வீட்டில் தூக்கம் தொடங்கும். அவர் அறைக்கும் என் அறைக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர், கீழே இரண்டுக்கும் ஒரே மரத்தளம். அம்மா கரண்டியைக்கூடத் துணியின் மேல்தான் வைப்பாள். பள்ளிக்கூட நாளிலிருந்து நான் பாட்டுக் கட்டியதெல்லாம் ஹெட்போனில். அதிலும் ஒரு வம்பு. தாளம் நன்றாக விழுந்தால் என் கால் தன்னால் தரையைத் தட்டும். "அப்பா முழிச்சுக்கப் போறார்டி" என்று அம்மா ஒரு நாள் தலையில் குட்டினாள். அன்றிலிருந்து காலுக்கடியில் தலையணை. அதையும் மீறிக் கால் தட்டியபோது, தட்டவைக்கிற அந்தக் கனத்த தாள அடியையே பாட்டிலிருந்து எடுத்துவிட்டேன்.

அப்பாவோ, "பொண்ணு யுனிவர்சிட்டில டான்ஸ் படிக்கிறா" என்று மாவு பிசைகிறவரில் தொடங்கி லாரி ஓட்டுநர் வரை பெருமையடித்து வைத்திருந்தார்.

"டான்ஸ் இல்லப்பா, டான்ஸுக்கு மியூசிக்."

"ரெண்டும் ஒண்ணுதான், போ."

பருவ முடிவில் பேராசிரியை தேர்ந்தெடுக்கும் பாட்டுகள் மட்டும் பெரிய அரங்கில் ஒலிக்கும். அங்கே ஆளுயர ஸ்பீக்கர்கள். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

என் பாட்டை வகுப்பில் ஓடவிட்ட அன்று, பேராசிரியை அசந்துபோவார் என்று கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தேன். பாதியிலேயே நிறுத்தினார்.

"மேல எல்லாம் பிரமாதமா இருக்கு. கீழ அடி எங்க?"

"அடி போட்டா என் கால் தட்டும் மேடம். தட்டினா அப்பா முழிச்சுக்குவார்."

மறுபடியும் சிரிப்பு. இந்தத் தடவை பேராசிரியையும் சேர்ந்துகொண்டார். "காரணம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுக்கு யார் கால் அசையும்? இப்படியே இருந்தா அரங்கத்துல போட முடியாதும்மா."

முகத்தில் அறைந்தது போலிருந்தது. அதைவிட எரிச்சல், அவர் சொன்னது சரி என்பது.

சாயங்காலம் அப்பா எழுந்து, வேலைக்குக் கிளம்ப ஷூ மாட்டிக்கொண்டிருந்தார்.

"ஏன் மூஞ்சி உம்முனு இருக்கு?"

"எல்லாம் உங்களாலதான்!" என்று தொடங்கி, தலையணை வரை கொட்டித் தீர்த்துவிட்டேன். அப்பா ஒரு ஷூவோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நீ தட்டினா நான் முழிச்சுக்குவேன்னு யாரு சொன்னது?"

நான் அம்மாவைப் பார்த்தேன். "நானா நெனச்சுக்கிட்டதுதான்" என்று அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அந்தச் சத்தம் கேட்டாத்தான், புள்ள பக்கத்துல இருக்குன்னு நிம்மதியா தூங்குவேன்" என்றார் அப்பா. "திடீர்னு ஒரு நாள் நின்னு போச்சு. நீ பாட்டையே விட்டுட்டேன்னு நெனச்சேன். கேட்டா அழுவியோன்னு கேக்கல. யுனிவர்சிட்டில சேர்றேன்னு நீ வந்து சொன்னப்பதான் எனக்கு உசுரே வந்துச்சு."

எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. தலையணையைத் தூக்கிக் கட்டிலில் எறிந்தேன்.

மறுநாள் காலை அப்பா உறங்கும் நேரத்தில் வெறுங்காலைத் தரையில் வைத்து வேலையைத் தொடங்கினேன். என் கால் தட்டிய வேகத்தையே அடிக்கு வைத்தேன். அந்த வாரம் முழுக்க வீட்டில் டொக் டொக். பலகைச் சுவருக்கு அப்பால் குறட்டை. பேராசிரியை புதிய பாட்டைக் கேட்டுவிட்டுத் தேர்வானவர்களின் வரிசையில் என்னைச் சேர்த்தார்.

அரங்க நாள் மதியம், தூங்க வேண்டிய நேரத்தில் அப்பா வந்தார். வேலை உடுப்போடு, காதோரம் மாவோடு, அம்மாவை இழுத்துக்கொண்டு முதல் வரிசைக்கே போய் உட்கார்ந்தார். "என் பொண்ணு பாட்டு" என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் அவர் சொன்னது மேடையில் நின்ற எனக்கே கேட்டது.

பாட்டின் தொடக்கத்தில் வேண்டுமென்றே அடி வைக்கவில்லை. அப்பா முதுகை நிமிர்த்திக்கொண்டு, ஏதோ தப்பாகிவிட்டது போல என்னையே பார்த்தார். பிறகு அடி இறங்கியது. ஸ்பீக்கரிலிருந்து தரை வழியாக ஏறி என் முழங்காலைத் தொட்டது. என் பாட்டு இவ்வளவு பெரியது என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. அரங்கமே எழுந்தது. வகுப்பில் சிரித்தவர்கள்தான் முதலில் ஆடினார்கள். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

பேராசிரியை என் தோளைத் தொட்டு, முதல் வரிசையைக் காட்டினார். அத்தனை பேர் ஆட்டத்துக்கும் நடுவே அப்பா மட்டும் அம்மாவின் தோளில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்தபடி, அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

"அடடா, உங்க அப்பா தூங்கிட்டாரே!"

"ஆமா மேடம்" என்றேன். "அடி சரியா விழுந்திருக்கு."