மண்ணிறப் பூச்சுக்கு அடியில்

நானூறு ஆண்டுகளுக்கு முன் இத்தாலியில் ஒரு பிரபுவின் அறைக்காகச் செய்த ஆர்கன் அது. துணி அலமாரி அளவுதான் இருக்கும். மெல்பேர்ன் செல்வந்தர் ஒருவர் சாகும்போது அதைக் கிளேட்டன் இசைச் சங்கத்துக்கு எழுதிவைத்திருந்தார். அதன் இரண்டு கதவுகளிலும் யாரோ மண்ணிறப் பெயிண்டை அப்பியிருந்தார்கள்.

1974இல் அதற்குக் காற்றூட்டும் துருத்தியைப் பழுதுபார்க்கும் பொறுப்பு பொறியாளர் சடகோபனிடம் வந்தது. அவர் தன்னோடு பெயிண்ட் தொழிற்சாலையில் வேலைபார்த்த இராஜேஸ்வரியை ஒருநாள் அழைத்துவந்து காட்டினார். யாழ்ப்பாணத்துக்காரி, தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் இரசாயனவியலாளர். பூச்சு உதிர்ந்த ஒரு மூலையில் அவள் குனிந்தாள்.

"இஞ்ச பாருங்கோ, இது தங்க ரேக்கு!"

"ஆமா! ஆனா பழைய கதவைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு மாட்டப்போறாங்களே."

பூச்சைத் தானே அகற்றித் தருவதாகச் சொல்ல அவள் நேரே சங்கத் தலைவர் ஹாரிஸிடம் போனாள்.

"இந்த ஆர்கனின் கச்சேரிக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. நீங்கள் பெயிண்ட் தயாரிப்பவர்தானே?" என்றார் அவர்.

"அதனால்தான் அதை எப்படிக் கழற்றுவது என்றும் எனக்குத் தெரியும்."

அவர் சிரித்துவிட்டார். கதவுகள் அவள் கைக்கு வந்தன.

வேலை முடிந்து தினமும் இரண்டு மணி நேரம். பஞ்சைக் கரைசலில் தோய்த்து, நகக்கண் அளவு இடமாகத் துடைத்தாள். ஐந்தாம் நாள் பஞ்சில் நீலம் ஒட்டியது. அடியிலிருந்த பழைய ஓவியமே கரைகிறது! இரண்டு நாள் கதவைத் தொடவேயில்லை. ஆய்வுகூடத்தில் பதினோரு கலவைகளைச் சோதித்தாள். பதினொன்றாவது கலவை மண்ணிறத்தை மட்டும் கரைத்தது, நீலம் அசையவில்லை.

பிறகு கதவு தானாகவே பேசத் தொடங்கியதுபோல் இருந்தது. முதலில் பொன்னில் புடைத்த திராட்சைக் கொடி, பிளந்த மாதுளை. பிறகு நீல ஆடையில் ஆர்கன் வாசிக்கும் ஒரு பெண். அவள் பின்னால் துருத்தி மிதிக்கும் இன்னொருத்தி, களைத்த முகத்தோடு. அந்த முகத்தில் தன் களைப்பையே கண்டதும் இராஜேஸ்வரி தனியாக நின்று வாய்விட்டுச் சிரித்தாள்.

கச்சேரியன்று ஹாரிஸ் அவளை மேடைக்கு அழைத்தார். "கதவைத் திறக்க வேண்டியவர் நீங்கள்தான்."

மேடை விளக்கில் பொன் பற்றியெரிவதுபோல் மின்ன, அரங்கிலிருந்த முந்நூறு பேரும் எழுந்து நின்றார்கள். அவள் கதவுகளைத் திறந்தாள். சடகோபன் துருத்தியை அழுத்தினார். ஆர்கன் கலைஞர் வாசித்த முதல் சுரம் மண்டபத்தை நிறைத்தபோது அவள் தன் இருக்கைக்குத் திரும்பவில்லை. ஆர்கனின் பக்கத்திலேயே நிமிர்ந்து நின்று, கடைசிவரை கேட்டாள்.