இழுவை

மிதியை அடிவரை அழுத்தியும் வண்டி மேட்டில் ஏற மாட்டேன் என்றது. எஞ்சின் முனகியதே தவிர இழுக்கவில்லை. மூட்டை ஏற்றிய லாரி ஒன்று ஹாரன் அடித்தபடி அவர்களைத் தாண்டிப் போனது.

"நான் அப்பவே சொன்னேன், ஆம்புலன்ஸ்ல போவோம்னு. யாரு கேட்டீங்க?" என்றாள் பின்சீட்டில் இருந்த நாத்தனார்.

அவள் மடியில் தலைவைத்து அவள் தம்பி படுத்திருந்தார். நீச்சல் பயிற்சியாளர். குளத்தின் ஒரு கரையில் நின்று அவர் குரல் கொடுத்தால் மறுகரையில் இருப்பவன் கை வீச்சைத் திருத்திக்கொள்வான். வயிற்றில் வந்த நோய் உடம்பைத் தின்றது போக, மிச்சமிருந்த குரல் இப்போது முன்சீட்டுக்கே எட்டவில்லை. இனி மருந்து எடுபடாது, வீட்டுக்குக் கொண்டு போங்கள் என்று காலையில்தான் டாக்டர் சொன்னார். ஆம்புலன்ஸ் வேண்டாம் என்றது அவர்தான். "என் பொண்டாட்டி ஓட்டட்டும். அவ ஓட்டுனா எனக்குக் குலுங்காது." பொழுது சாய்வதற்குள் உங்கள் கட்டிலில் இருப்பீர்கள் என்று அவளும் வாக்குக் கொடுத்திருந்தாள்.

அவள் சொந்தமாக ஒர்க்‌ஷாப் நடத்துகிறவள். வண்டியை ஓரம் கட்டி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, இறங்கி இரண்டு பின்சக்கரங்களுக்கும் கல் வைத்தாள். வேறொரு காரை அழைக்கலாம். ஆனால் அவரைத் தூக்கி மாற்றும் வலியை நினைத்ததுமே அந்த யோசனையைக் கைவிட்டாள். நம்மால் முடியும். கோளாறு எங்கேயும் ஓடிவிடாது, இந்த மூடிக்குக் கீழேதான் இருக்கிறது.

முதலில் குனிந்து, மிதிக்கு அடியில் விரிப்பு சுருண்டு கிடக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. கிளட்ச் தேய்ந்திருந்தால் எஞ்சின் வீணாக அலறியிருக்கும், தீய்ந்த நெடி அடித்திருக்கும். அதுவும் இல்லை. ஏர் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தாள். சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் மேடேறும்போது கண்ணாடியில் கறுப்புப் புகை தெரிந்ததே! டீசல் போகிறது, அதற்கு ஈடான காற்று போகவில்லை. போகிற வழியில் எங்கோ வெளியேறுகிறது.

"அண்ணி, நீங்க முன்னாடி வந்து உக்காருங்க."

"நானா? எனக்கென்ன தெரியும்?"

"வலது கால் பக்கத்துல இருக்கறதை மட்டும் அழுத்தணும். நான் கை தூக்கினா அழுத்துங்க, இறக்கினா விட்டுடுங்க."

தம்பியின் தலைக்கு அடியில் சால்வையை மடித்து வைத்துவிட்டு நாத்தனார் வந்து உட்கார்ந்தாள். ஸ்டீயரிங்கை இரு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "வண்டி கிளம்பிடாதே?"

"கியர்லயே இல்ல, அண்ணி."

"அக்கா..." பின்னாலிருந்து மெல்லிய குரல் வந்தது. "நீ ஓட்டுறதா இருந்தா சொல்லு. நான் இப்பவே போயிடறேன்."

இரண்டு பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் உதடு கோணிச் சிரித்துக்கொண்டிருந்தது. நாத்தனாருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. "வாயப் பாரு இவனுக்கு" என்று முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

எஞ்சின் ஓட, கை உயர்ந்தது. நாத்தனார் பாம்பை மிதிப்பது போல மிதித்தாள். டர்போவிலிருந்து எஞ்சினுக்குக் காற்றைத் தள்ளும் ரப்பர் குழாயின் முனையில் 'புஸ்' என்று ஒரு சத்தம். அங்கே புறங்கையை நீட்டினாள், காற்று அடித்தது. குழாயை இறுக்கிப் பிடிக்க வேண்டிய கிளிப் மரை தேய்ந்து தொங்கியது. சுற்றிலும் எண்ணெய்ப் பிசுக்கு. மூன்று மாதம் ஆஸ்பத்திரி வாசலில் வெயிலில் கிடந்த வண்டி, ஒருநாள்கூட யாரும் மூடியைத் திறக்கவில்லை.

"கிடைச்சிருச்சா?" என்று கேட்டார் அவர்.

"கிடைக்காம எங்க போகும்?"

எஞ்சினை அணைத்தாள். சூட்டைப் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை, துணியைச் சுற்றிக்கொண்டு குழாயைப் பிடித்தாள். பிசுக்கைத் துடைத்து, குழாயை அதன் இடத்தில் அழுத்திச் செருகி, கருவிப் பையிலிருந்த வேறு கிளிப்பை மாட்டி, திருப்புளியால் இனி சுற்றாது என்னும்வரை இறுக்கினாள். எஞ்சின் மறுபடி ஓட, நாத்தனார் மிதித்தாள். சத்தம் இல்லை.

"அவ்வளவுதானா?" என்றாள் நாத்தனார், இன்னும் கொஞ்சம் மிதிக்க ஆசைப்பட்டவள் போல.

"அவ்வளவுதான். ஜோரா பண்ணீங்க."

இந்த முறை வண்டி மேட்டைப் பிடித்து இழுத்தது. மூட்டை ஏற்றிய இன்னொரு லாரியை உச்சிக்கு முன்பே தாண்டினார்கள். "அப்படிப் போடு" என்றது பின்சீட்டுக் குரல். அவள் ஒவ்வொரு கியரையும் அதிராமல் மாற்றினாள்.

வீட்டு வாசலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் காத்திருந்தார்கள். அடியில் விரித்திருந்த போர்வையோடு தூக்கி, ஜன்னலோரக் கட்டிலில் அவரைக் கிடத்தியபோது சுவரில் இன்னும் வெயில் இருந்தது. அவர் கண்ணை மூடித் தலையணையில் முகத்தைத் தேய்த்துக்கொண்டார்.

"கையக் கழுவிட்டு வந்துடறேன்."

"அப்புறம் கழுவிக்கலாம். இங்க உக்காரு."

உட்கார்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துப் போனார்கள். சுவரிலிருந்த வெயில் கூரைக்கு ஏறியபோது, பிடித்திருந்த கையில் கனம் கூடியது. அவள் எழுந்து அண்ணியைக் கூப்பிட்டாள்.

நாத்தனார் பாத்திரத்தில் வெந்நீரும் ஒரு துணியும் கொண்டு வந்தாள். அழுதுகொண்டே தம்பியின் முகத்தையும் கழுத்தையும் துடைத்தாள். கையைத் துடைக்க வந்தபோது, வெளுத்த மணிக்கட்டைச் சுற்றி நான்கு விரலும் ஒரு கட்டை விரலும் எண்ணெய்ப் பிசுக்கில் கறுப்பாக, ரேகை தெரியப் பதிந்திருந்தன. துணியை நனைத்துப் பிழிந்தாள். கட்டிலின் மறுபுறம் நின்றவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள்.

துணியைப் பாத்திரத்திலேயே போட்டுவிட்டு, தம்பியின் முழுக்கைச் சட்டையின் கையைக் கீழே இழுத்துவிட்டு மணிக்கட்டில் பொத்தானைப் போட்டாள்.